பழந்தின்னி வௌவாலும் உன் அப்பாவின் பந்தலும்

அருளு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வனக்காப்பாளர் வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மலையடிவாரப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் காட்டைப் பற்றிப் பேசிவிட்டு வா என்று உன்னை அனுப்பிவிட்டார்கள். நீயும் இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பது படம் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் கீழே விலங்கியல் பெயர் எழுதி, புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். பத்தாவது படத்துக்கே பின்வரிசை கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டது என்றாய். ஒரு பிள்ளை எழுந்து, "சார், ஒங்கள யானை வெரட்டிருக்கா?" என்று கேட்டதற்கு, கேள்வியெல்லாம் கடைசியில் என்று சொல்லி உட்காரவைத்தாயாம். பிள்ளைகளுக்குக் காட்டின் மேல் அக்கறையே இல்லை என்று நீ அலுத்துக்கொண்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தப் பிள்ளை உனக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது, நீ சாத்திவிட்டு வந்திருக்கிறாய். யானை உன்னை விரட்டியதா, நீ ஓடினாயா, ஓடும்போது செருப்பு எங்கே விழுந்தது என்று சொல்லியிருந்தால், அது ஏன் அந்தப் பக்கம் வந்தது, எந்தப் பாதை அதனுடையது என்பதெல்லாம் தானாகப் பின்னால் வந்திருக்கும்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது அதோடு முடியவில்லை. இந்த மாதக் கடைசியில் எனக்குப் பணி ஓய்வு. முப்பத்தொரு வருடம் ஒரே தொடக்கப் பள்ளியில் கதை டீச்சர் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்னென்ன தவறு செய்தேன் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. சில தவறுகளில் நீயும் கூட இருந்தாய், அதனால் அவை தவறு என்பதே உனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

நீ நான்காம் வகுப்பில் என்னிடம் படித்த வருடத்தை எடுத்துக்கொள். மதிய உணவுக்குப் பிறகு பிள்ளைகளை அமைதியாக உட்காரவைக்க நான் பாம்புக் கதை சொல்வேன். அடித்தவனை வருடக்கணக்கில் தேடி வந்து பழி வாங்கிய பாம்பு, கூரை மேல் காத்திருந்த பாம்பு, இப்படி நாளுக்கு ஒன்றாக நானே கட்டிச் சொல்வேன். வகுப்பு மூச்சுவிடாமல் கேட்கும். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து, எப்படி இத்தனை பேரை இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று ஆச்சரியப்படுவார். எனக்குப் பெருமையாக இருக்கும். ஒரு நாள் மதியம் நீங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு கம்பில் பாம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வகுப்புக்குள் வந்தீர்கள். கம்பின் ஒரு முனை உன் தோளில் இருந்தது. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கல்லால் அடித்தோம், பழி வாங்க முடியாதபடி தலையை நசுக்கிவிட்டோம் என்று நீதான் சொன்னாய். நான் உங்களுக்குக் கை தட்டச் சொன்னேன். உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

சத்துணவுக் கூடத்தில் அப்போது சமையல் செய்துகொண்டிருந்த பாண்டியம்மாள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "சாரையவா அடிச்சுப்புட்டீக? ரெண்டு வருசமா அரிசி மூடைக்கு அதுதேன் காவலு. வெசமும் இல்ல, ஒண்ணுமில்ல. என்ன டீச்சர், நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?" என்றாள். பிள்ளைகள் முன்னால் ஒரு சமையல்காரி என்னைக் கேட்டுவிட்டாளே என்று எனக்குக் கோபம். அடுப்பைப் போய்ப் பார் என்று அனுப்பிவிட்டேன். ஒரு மாதத்துக்குள் எலி வந்து மூட்டைகளைக் குதறியது. பாண்டியம்மாள் தினமும் சாயங்காலம் எலிப்புழுக்கை பொறுக்கினாள். ஒரு வார்த்தை என்னைத் திரும்பக் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் நான் சண்டை போட்டு ஆறியிருப்பேன். கேட்காததுதான் உள்ளே கிடந்து அரித்தது. பிள்ளைகளிடம் போய் நான் சொன்னது பொய், அந்தப் பாம்பு நமக்கு நல்லதுதான் செய்துகொண்டிருந்தது என்று சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் நீங்கள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். உன் வகுப்புக்கு நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன், அருளு. அந்தச் சாரை செத்தது உங்கள் கல்லால் என்றாலும், கல்லை எடுத்துக் கொடுத்தது என் கதை.

அதற்குப் பிறகு நான் எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் "நெசமா டீச்சர்?" என்று கேட்டால், ஆமாம் என்று அவர்கள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத கதையைக் காட்டு உயிர்களைப் பற்றிச் சொல்வதில்லை. அது சிரமமான காரியம். கட்டிச் சொல்வது எளிது. நிஜத்தைச் சொல்ல வேண்டுமானால் போய்ப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். பாண்டியம்மாளிடமே முதலில் போய்க் கேட்டேன். சாரை எங்கே முட்டையிடும், எப்போது சட்டை உரிக்கும் என்று அவளுக்குத் தெரிந்ததில் பாதி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அவள் ஓய்வு பெற்றுப் போகும்வரை வெள்ளிக்கிழமை மதியங்களில் அவளையும் வகுப்பில் உட்காரவைத்துக்கொண்டேன்.

அடுத்த தவறு நடந்தபோது நீ கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாய். வாய்க்கால் கரையில் இருக்கிற பெரிய மருத மரத்தில் வௌவால்கள் தொங்குமே, அவற்றைப் பற்றி அந்த வருடம் ஐந்தாம் வகுப்புக்குத் தொடர்கதை சொன்னேன். கழுத்தில் செம்பொன் நிற ரோமம் இருக்கும் ஒரு தாய் வௌவால். பிள்ளைகளே அதற்குச் செவத்தா என்று பெயர் வைத்தார்கள். பொழுது சாய்ந்ததும் செவத்தா மரத்தை விட்டுக் கிளம்புவாள். மார்கழி, தை மாதங்களில் மலையடிவாரத்துத் தோப்புகளில் இலவம் பூ விரியும். பொழுது அடைந்த பிறகு விரிகிற பூ அது. செவத்தா தேன் குடிக்க முகத்தை உள்ளே விடுவாள், கழுத்து ரோமத்தில் மகரந்தம் அப்பிக்கொள்ளும், அதோடு அடுத்த மரத்துக்குப் போவாள். நாம் தலைக்கு வைத்துப் படுக்கிற இலவம் பஞ்சுத் தலையணையில் செவத்தாளுடைய உழைப்பும் இருக்கிறது என்று சொல்லி முடித்தேன். "நம்ம மரத்து வௌவாலுதேன் அங்கன போகுதா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இதே மரத்து வௌவாலா என்று எனக்குத் தெரியாது, ஆனால் இதே இனம்தான் போகிறது என்றேன். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறோம் என்று திருப்தியாக இருந்தது.

அப்போது தேவிகா எழுந்தாள். நம் திராட்சைத் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துச் செல்வராசு மகள். கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். "டீச்சர், நேத்துக் காலைல ஒங்க பந்தல் வலைல ஒரு வௌவாலு செத்துத் தொங்குச்சு. கழுத்துல செவப்பாத்தேன் இருந்துச்சு. அது செவத்தாளா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு பிள்ளையின் கேள்விக்கு நான் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டது அந்த ஒரு நாள்தான். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் செவத்தா இலவந்தோப்புக்குப் போகிறாள் என்று சொன்னவள், அவள் திராட்சைப் பந்தலுக்கும் வருகிறாள் என்பதைச் சொல்லாமல் விட்டேன். பழத்தைக் கடித்துக் குதறிப் போடுகிறாள் என்பதையும், அதைத் தடுக்க உன் அப்பா நைலான் வலை கட்டியிருக்கிறார் என்பதையும் விட்டுவிட்டேன். பிள்ளைகள் தினமும் அந்தப் பந்தலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் வருகிறார்கள். எனக்கு வசதியான பாதியை மட்டும் கதையாக்கினால் மீதிப் பாதியை அவர்கள் வரும் வழியிலேயே பார்த்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "நீ கதை சொல்லு, நா வேணாங்கல. பழம் போனா யாரு பதில் சொல்றது? ஒங்கதையில வார வௌவாலா வந்து மருந்தடிக்கப் போகுது?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. கொத்து கருத்து வருகிற நேரத்தில் ஒரே வாரத்தில் பாதிப் பந்தல் வீணாவதைப் பார்த்தவர் அவர். நான் கோபத்தில், அப்படியானால் நீங்களே வந்து பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள் என்றேன். வரமாட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேன். உனக்குத் தெரியுமே, பெற்றோர் கூட்டத்துக்குக்கூட வாசலோடு நின்றுகொள்ளும் ஆள்.

மறுநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரும்பலகை ஓரமாக நின்றார். கவாத்து வெட்டுவது, கொடி தளிர்ப்பது, பிஞ்சு இறங்குவது, ஒவ்வொரு கொத்தையும் கையால் ஒதுக்கிவிடுவது என்று அடுக்கிக்கொண்டு போனார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு, கேட்காமலேயே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொத வருசம் வலை கட்டுனப்ப ஒண்ணு மாட்டுச்சு. கிட்டப் போயிப் பாத்தா நெஞ்சுல குட்டி ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ஆத்தா செத்துருச்சு. குட்டி உசுரோட இருந்துச்சு. என்ன செய்யன்னு தெரியல. சாக்குல சுத்திக் கொண்டுபோயி மருத மரத்தடில வச்சுட்டு வந்தேன். வேற ஏதாச்சும் வௌவாலு வந்து தூக்கிக்கிரும்னு நெனச்சேன். மறுநா போயிப் பாத்தேன், இல்ல. நாய்தேன் தூக்கிருக்கும்." இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது, அருளு. நான் அவரை வலை கட்டுகிறவராகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குள் ஒரு கதை இருந்ததை நான் கேட்டதே இல்லை.

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "மாமா, வலை தொளதொளன்னு தொங்குனாத்தான மாட்டும்? இழுத்துக் கட்டுனா மாட்டாதுல்ல?" என்றான். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். "எங்க வாலிபால் நெட்டு தொங்கிப் போயி இருந்தப்ப பந்து அதுல சிக்கிக்கிரும். இழுத்துக் கட்டுனப்பறம் பட்டுத் தெறிச்சு வந்துருது" என்றான். உன் அப்பா அவனை ஒரு நிமிடம் பார்த்தார். "அட, ஆமாலே" என்றார். அந்த வாரமே மெல்லிய நைலான் வலையை அவிழ்த்துவிட்டு, தடித்த நூலில் சின்னக் கண்ணாக இருக்கும் வெள்ளை வலையை வாங்கி, பந்தலின் பக்கவாட்டில் கம்பி வைத்து விறைப்பாக இழுத்துக் கட்டினார். கட்டும்போது அந்தப் பையனும் தேவிகாவும் வந்து, எங்கே தொங்குகிறது என்று கையால் தட்டித் தட்டிக் காட்டினார்கள். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பழம் போகத்தான் செய்கிறது. ஆனால் அந்த வலை கட்டிய பிறகு ஒன்றுகூட நம் பந்தலில் மாட்டிச் சாகவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் பெருமையாகவே சொல்லிவிட்டுப் போயிருப்பேன். சில மாதம் கழித்துக் கேரளாவில் நிபா காய்ச்சல் என்று செய்தி வந்தது. நம் ஊர் ஜனம் பாதி தினமும் ஜீப்பில் ஏறிக் குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறவர்கள். பயம் ஜீப்பிலேயே ஊருக்குள் வந்துவிட்டது. ஊராட்சி அலுவலகத்து முன்னால் கூட்டம் போட்டார்கள். மருத மரத்துக் கிளைகளை வெட்டிவிட்டு, வெடி போட்டு வௌவாலை விரட்டிவிடுவது என்று பேச்சு. நான் எழுந்து செவத்தா, இலவம்பஞ்சு என்று ஆரம்பித்தேன். செல்வராசு குறுக்கே எழுந்தார்.

"எம்பொண்டாட்டி தெனமும் அங்கன போயிட்டு வாரா டீச்சர். டிவில சொல்றாக, ஆசுபத்திரில சொல்றாக. இங்கன எம்புள்ள நடக்குற பாதைக்கு மேல நூறு எரநூறு தொங்குது. அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்க கதையா வந்து காப்பாத்தும்?"

அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் அதைவிடக் கடுமையாகக் கேட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மரத்தை வெட்டுவது என்று முடிவாயிற்று. கூட்டத்துக்கு மறுநாள் காலை, பள்ளிக்குப் போகுமுன், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். எனக்கு மரத்தைக் காப்பாற்ற ஒரு வாதம் வேண்டியிருந்தது. ஆனால் கேட்கும்போது, மரம் இருப்பது பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், நானே வெட்டச் சொல்கிறேன் என்றுதான் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு உன் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். பொறுமையாக விளக்கினாள். வௌவாலிடமிருந்து அந்தக் கிருமி மனிதனுக்கு வரக்கூடும் என்பது உண்மை. கடித்துப் போட்ட பழத்தைச் சாப்பிடக் கூடாது, விழுந்த வௌவாலைத் தொடக் கூடாது, மரத்துக்கு அடியில் விளையாடக் கூடாது. ஆனால் வெடி வைத்து விரட்டினால் அவை கலைந்து ஊரெல்லாம், வீட்டுக்குப் பக்கத்து மரமெல்லாம் போய்த் தொங்கும், அது இன்னும் மோசம், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து சொல்கிறேன் என்றாள்.

அன்று வகுப்பில் செவத்தா கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை அவள் பந்தலுக்கும் போனாள், வலையிலும் மாட்டினாள், ஒரு கொய்யாவைப் பாதி தின்றுவிட்டுக் கீழே போட்டாள். அந்தக் கொய்யாவில் அவள் எச்சில் இருக்கிறது, அதில் நமக்கு ஆகாதது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் அவளுடைய பழத்தை நாம் எடுக்க வேண்டாம் என்றேன். "அப்ப செவத்தா கெட்டவளா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் தேவிகா, "அவளுக்கே தெரியாதுடி" என்றாள். மரத்தை வெட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் அவர்களிடம் சொல்லவில்லை. பிள்ளைகளை அப்பா அம்மாவுக்கு எதிராகத் தூண்டிவிடக் கூடாது. நீயும் இதை நினைவில் வைத்துக்கொள். கதை பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தால் அதுவே வீட்டுக்கு நடந்து போகும்.

ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு ஆட்கள் மரத்தடிக்கு வந்துவிட்டார்கள். சொன்னபடி டாக்டரம்மாவும் வந்தாள். என்னிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னாள். சிலர் முணுமுணுத்தார்கள். செல்வராசு முன்னால் வந்து, "நேத்து எங்க வாசல்ல கொய்யா ஒண்ணு விழுந்து கெடந்துச்சு. தொடச்சுட்டுத் திங்கப் போனேன். எம்மக ஓடியாந்து கையத் தட்டிவிட்டுட்டா. கடிச்ச பழம்ப்பான்னா. டாக்டரம்மா இப்பச் சொல்றாக, எம்புள்ள ரெண்டு நாளா இதயேதேன் வீட்டுல சொல்லிக்கிட்டிருக்கு" என்றார். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தார். "பாதைக்கு மேல இருக்க கெளைய மட்டும் எடுப்போம். மத்தது கெடக்கட்டும்" என்றார்.

அப்படியே செய்தார்கள். ஒரு கிளை போயிற்று. அடியில் யாரும் போகாதபடி கம்பிவேலி போட்டு, நடைபாதையை வாய்க்காலின் மறுகரைக்கு மாற்றினார்கள். வேலியில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையில் இருப்பது ஐந்தாம் வகுப்பின் கையெழுத்து. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு யாரோ ராக்கெட் விட்டு, நான்கைந்து நாள் மரம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு திரும்பி வந்துவிட்டன. போன பங்குனியில் பிள்ளைகளைப் போடிப் பக்கம் உன் மாமா தோப்புக்குக் கூட்டிப்போனேன். இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதை அங்கேதான் முதல்முறை பார்த்தார்கள். செல்வராசுவும் துணைக்கு வந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சோடு பஸ் ஏறினார்.

உனக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான் என்று சொல்ல மாட்டேன், நினைத்தது இன்னும் நிறைய இருக்கிறது. நாற்பது படத்தை விட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போ. நீ போகிற ஊரில் அந்த விலங்கால் நஷ்டப்பட்டவர் யார் என்று முதலில் விசாரி. அவர் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு வகுப்புக்குப் போ. முடிந்தால் அவரையும் கூட்டிப்போ. காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டிப் போட்ட வீட்டுப் பிள்ளையிடம் காட்டுப்பன்றி நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு வராதே. உனக்குப் பயமாக இருந்ததையும் சொல். சீருடை போட்டிருப்பதால் பயந்ததைச் சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்காதே.

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். இன்று மதியம் என் கடைசிக் கதை வகுப்பு. என்ன கதை வேண்டும் என்று கேட்டேன். "நாங்க சொல்றோம் டீச்சர், நீங்க கீழ ஒக்காருங்க" என்றார்கள். முழங்கால் வலியோடு பாயில் உட்கார்ந்தேன். ஒருவர் மாற்றி ஒருவர் மரங்கொத்தி, மலையணில், வீட்டுக்குள் வந்த உடும்பு என்று சொன்னார்கள். கடைசியாக ஒன்றாம் வகுப்புச் சகாயமேரி வந்து நின்றாள். ஜூனில் சேர்ந்த பிள்ளை, இதுவரை வகுப்பில் வாயே திறந்ததில்லை. பாவாடையைத் திருகிக்கொண்டு, "எங்க மோட்டார் ரூம்ல ஒரு தேரை இருக்கு" என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள். எல்லாரும் காத்திருந்தோம்.

"ம், பெறகு?" என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்து, எனக்கு ஏன் இது புரியவில்லை என்பதுபோலச் சொன்னாள்.

"இன்னும் இருக்கு டீச்சர்."

உன் அம்மா